மாப்பிள்ளை இல்லாத நிச்சயதார்த்தம்

ஒருவன் கழுத்தில் கேமரா தொங்கினால் போதும், சொந்தக்காரர்கள் அவனைப் புகைப்படக்காரன் என்று நம்பிவிடுவார்கள். அதைவிட ஆபத்து, அவனே நம்பிவிடுவான். நான் நம்பினேன்.

எண்பதுகளின் கடைசி. ஆவடி டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பயிற்சிக்காக ரஷ்யா போனவர், ஒரு கேமரா வாங்கி வந்திருந்தார். செங்கல் கனம். கையேடு முழுக்க ரஷ்ய மொழி. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு அதை இரவல் வாங்கி, "ஸ்டுடியோக்காரர் எதுக்கு? நான் இருக்கேன்ல!" என்று மார்தட்டினேன்.

சோறு தண்ணி மறந்து அதைத் திருகித் திருகிப் பார்த்தேன். மேலே ஷட்டர் வேகத்தை மாற்றும் சக்கரம். அதிலிருந்த எண்களில் முப்பது மட்டும் சிவப்பு. ஏன்? (தொழிற்சாலைப் பிள்ளைக்கு இதில் சந்தேகமே வராது. எங்கள் பக்கம் சிவப்பில் எதை எழுதியிருந்தாலும் கிட்டே வராதே என்றுதான் அர்த்தம்.) முப்பதைத் தொடாமல், பத்திரமாக அறுபதில் வைத்தேன். விழா முழுக்க நாற்காலிமேல் ஏறியும் தரையில் படுத்தும் ஃபிளாஷ் அடித்துத் தள்ளினேன்.

படங்கள் கழுவி வந்த அன்று, திருமழிசையிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் ஆசையாகப் பார்க்க வந்திருந்தார்கள். கவரைப் பிரித்தோம். ஒவ்வொரு படத்திலும் பாதி பளிச், மீதி கும்மிருட்டு. வெளிச்சத்தில் எங்கள் வீட்டார். இருட்டில், ஒருவர் விடாமல், மாப்பிள்ளை வீட்டார். அப்பா பல்லெல்லாம் தெரிய, இருட்டிடம் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா இது? எங்க ஆளு ஒருத்தரையும் காணோம்! பொண்ணு தனியா நிச்சயம் பண்ணிகிச்சா?" என்றார் தாய்மாமன். "இத்த மாப்ளயோட அம்மாகிட்ட, எங்க அக்காகிட்ட, எப்டி காட்றது? அபசகுனம், இந்த சம்பந்தமே வேணாம்னு சொல்லிடும்."

கதவோரம் நின்ற அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் மூளை மட்டும் வெட்கமில்லாமல், அதெப்படிச் சரியாகப் பாதி என்று குடைந்தது. கேமராவை எடுத்துவந்தேன். ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கி ஃபிளாஷ் அடித்துப் பின்னாலிருந்து பார்த்தேன். உள்ளே ஒரு கறுப்புத் திரை, முழுசாக விலக நேரமில்லாமல், பாதியை மறைத்தது. சிவப்பு முப்பதுக்குத் திருப்பினேன். திரை முழுசாக விலகியது! ஃபிளாஷ் போட்டால் முப்பதில் வை என்பதற்குத்தான் அந்தச் சிவப்பு.

"செவப்புன்னா தொடக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

"அது ஃபேக்டரியிலடா, மடையா!" என்றார் அப்பா.

"எங்க, இப்டி குடு." தாய்மாமன் கேமராவைப் பிடுங்கினார். அறுபது, முப்பது, மறுபடி அறுபது. "மாப்ளே, வந்து பாரு! பாதிய மூடிகினு கீது!" காபி ஆறிப்போனது. ஃபிளாஷ் பேட்டரி தீரும்வரை அவர் கேமராவைத் தரவில்லை. கடைசியில், "வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரையும் இட்டாறேன். மறுக்கா தட்டு மாத்துற மாரி நில்லுங்க. எங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். என் அக்காவுக்கு மூச்சு வந்தது.

(புதிதாகக் கேமரா வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை: முதல் ரோலை வீட்டுப் பூனைமேல் சோதித்துப் பாருங்கள். பூனைக்குச் சம்பந்தி கிடையாது.)

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் மறுக்கா எடுத்த படங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. முதலில் எடுத்ததில், பாதி இருட்டாகி அக்கா மட்டும் தெரியும் ஒரு படத்தை அவள் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அத்தானோடு சண்டை வரும்போதெல்லாம் அதைக் காட்டுவாள்.

"நல்லா பாருங்க, எவ்ளோ நிம்மதியா சிரிச்சிருக்கேன்!"