ஒரு சபாஷும் காரணி அரிகிருஷ்ணனும்

"அதே வகுப்பு, அதே போர்டு, அதே கணக்கு. நீதான் போடறே" என்று, பழைய மாணவர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்யும் வகுப்புத் தோழன் விநாயகம் வாட்ஸப்பில் அனுப்பியிருந்ததைப் படித்ததும், அரிகிருஷ்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் கீழே வைத்தார்.

செஞ்சி கடைவீதியில் அரிகிருஷ்ணன் என்றால் யாருக்கும் தெரியாது. காரணி என்றால் தெரியும். கடைக்கே 'காரணி எலக்ட்ரிகல்ஸ்' என்றுதான் பெயர். பத்தாம் வகுப்பில் ஒருநாள், கடைசி பீரியட். கலியபெருமாள் சார் எழுதிப்போட்ட இருபடிக் கோவையைக் காரணிப்படுத்த வழி தெரியாமல், வகுப்பே ஜன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் எழுந்துபோய் இரண்டு அடைப்புக்குறிகளை எழுதினார். சார் "சபாஷ்" என்றார். யாரையும் பாராட்டாத மனுஷன்.

அந்த ஒரு சபாஷிலேயே முப்பது வருஷம் ஓடிவிட்டது. மாமனார் பெண் கொடுத்ததே அதைக் கேள்விப்பட்டுத்தான். தெருவில் எந்தப் பிள்ளை கணக்கில் ஃபெயிலானாலும் கூப்பிட்டு அறிவுரை சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. சொல்லித்தரச் சொன்னால் மட்டும் கடையில் அவசர வேலை வந்துவிடும்.

அன்று எப்படிப் போட்டோம் என்பது அவருக்கே தெரியாது. அதை எப்படி வெளியில் சொல்வது?

"சார் வந்தா போடறேன். அவரு இல்லாம இன்னாத்துக்கு?" என்றார். சார் ரிட்டயராகி எங்கேயோ போய்விட்டார் என்ற தைரியம்.

விநாயகம் மறுநாளே பிடித்துவிட்டான். "திண்டிவனத்துல மவ வூட்ல இருக்காருடா. அமாவாசையானா மேல்மலையனூர் கோயிலுக்குப் போறத இன்னும் வுடல. இங்கதான் பஸ் மாறணும். அதான் சந்திப்பையே அமாவாசைக்கு மாத்திட்டேன்."

"சரி, அது இன்னா கணக்குனு எவனுக்கு ஞாபகம் இருக்குது?"

"எனுக்கு இருக்குது. எக்ஸ் ஸ்கொயர், அஞ்சு எக்ஸ், ஆறு."

அன்று மதியம் மின்விசிறிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து அரிகிருஷ்ணன் போனில் வீடியோ பார்த்தார். பெருக்கினால் ஆறு வரவேண்டும், கூட்டினால் ஐந்து வரவேண்டும். ஆக, இரண்டும் மூன்றும். அடடா, இவ்வளவுதானா. கண் கலங்கிவிட்டது. வீடியோ அடுத்து மைனஸைப் பற்றி ஆரம்பித்தது, அதற்குள் அணைத்துவிட்டார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஜெயசுதா பார்த்துவிட்டாள். "இன்னாங்க, கண்ணுல தண்ணி?"

"பழைய ஞாபகம்."

சந்திப்பு நாளில் வகுப்பறை அப்படியே இருந்தது. அதே சாக்பீஸ் வாசனை, ஜன்னலில் அதே கோட்டை. வழுக்கைத் தலைகள் பழைய பெஞ்சுகளில் தொப்பையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, பெயர் வெட்டிய இடங்களைத் தேடிக்கொண்டிருந்தன. சார் உள்ளே வந்ததும் தொழிலதிபர்கள் உட்பட எல்லோரும் எழுந்து நின்று ராகத்தோடு வணக்கம் சொன்னார்கள்.

விநாயகம் போர்டில் எழுதினான்: x² + 5x − 6.

அரிகிருஷ்ணனின் கண் அந்தக் கழித்தல் குறியிலேயே நின்றது. விநாயகம் இதைச் சொல்லவே இல்லையே. பின்னால் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கடைப் பலகை கண் முன்னால் ஆடியது. இனி இறங்கி ஓட முடியாது. கற்றதை எழுதினார்: (x + 2)(x + 3).

சார் போர்டைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார்.

"சபாஷ்."

கைதட்டலில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. சார் சொன்ன பிறகு சரிபார்க்க அந்த வகுப்பில் அன்றும் ஆளில்லை, இன்றும் ஆளில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். அரிகிருஷ்ணன் இளைய தலைமுறைக்குக் கணிதம் ஏன் அவசியம் என்று நீளமாகப் பேச ஆரம்பித்தார்.

கடைசி பெஞ்சிலிருந்த ஜெயசுதா, அழைப்பிதழின் பின்புறத்தில் அந்த இரண்டு அடைப்புக்குறிகளையும் பெருக்கிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பெருக்கினாள். பிறகு அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அவர் பேசி முடிப்பதாகத் தெரியவில்லை. எனவே சாரை பஸ் ஏற்றிவிட அவளே போனாள். மேல்மலையனூர் சிறப்புப் பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது, படியெல்லாம் கூட்டம். அவள் யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"சார், நா யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பெருக்கினா கூட்டல் ஆறுல்ல வருது? அவரு போட்டது தப்புதானே?"

சார் முதலில் ஒரு ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டார். பிறகுதான் திரும்பினார்.

"தப்புதாம்மா. அன்னிக்கும் இதே தப்பத்தான் போட்டான். அன்னிக்கும் அமாவாசை, இதே பஸ்சு."