மற்றவை தெளிவு

தெளிவுக்காரர் என்றொரு இனம் உண்டு. இவர்களை அடையாளம் காணப் பூதக்கண்ணாடி வேண்டாம். ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோய் எதிரே நில்லுங்கள், போதும். முதலில் உங்களை இரக்கத்தோடு பார்ப்பார்கள். பிறகு சன்னலைப் பார்ப்பார்கள். பிறகு கொசு விரட்டுவதுபோல் புறங்கையை அசைத்து, "இதுல என்ன இருக்கு? தெளிவுதானே!" என்பார்கள். உங்கள் சந்தேகம் தீர்ந்ததா? இல்லை. கேட்கும் தைரியம் தீர்ந்துவிட்டது. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அலுவலகத்தில் இந்த இனம் உண்டு, மருத்துவமனையில் உண்டு, மச்சான்மார்களில் ஏராளம். ஆனால் இது கொழுத்து வளர்வது கணிதத் துறையில். அங்கே பிடித்த ஒருவரை இதோ நிறுத்தியிருக்கிறோம். சுற்றி வந்து பாருங்கள், கடிக்கமாட்டார். பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் தெள்ளத்தெளிவார்.

அவருடைய வேலை என்ன? ஓர் உருவத்தை ரப்பர்போல இழுத்தாலும் நசுக்கினாலும் எது மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பது ஒரு கணிதம். அந்த உருவத்தின் நடுவே ஒரு கண்ணாடியையும் நிறுத்தி, இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கமும் அதேபோல் இழுபட வேண்டும் என்று நிபந்தனை போட்டால், அது தெள்ளத்தெளிவாரின் கணிதம். உருவங்கள் சமன்பாடுகளிலிருந்து பிறக்கும் வளைவுகளும் பரப்புகளும். அவை கற்பனை எண்களின் நாட்டில் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் கண்ணாடிக்கு அப்பால் ஒரு ஜோடி. கண்ணாடியின் மேலேயே நிற்கும் புள்ளிக்கு மட்டும் தானே ஜோடி. அதற்கு நிலைப்புள்ளி என்று பெயர். உருவத்துக்குள் கிடக்கும் புள்ளிகளையும் வளைவுகளையும் கூட்டிக் கழித்து, கண்ணாடியின் இரு பக்கத்துக்கும் பொதுவான கணக்கு ஒன்றை எழுதிவிட்டால் அன்றைய சம்பளம் செரித்தது.

இவ்வளவு சிக்கலான தொழில் செய்கிறவருக்கு எப்படி எல்லாமே தெளிவாக இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அவர் மனைவியும் அதைத்தான் கேட்கிறார். மனைவி பல் மருத்துவர். ஒருமுறை புத்தக அலமாரி ஒன்று பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது. விளக்கத்தாளைப் பிரிக்காமலே பூட்டி முடித்தார் நம்மவர். கை நிறையத் திருகுகள் மிச்சம்.

"என்னங்க, இவ்வளவு மீந்திருக்கே?"

"உபரியா அனுப்பியிருக்கான். தெளிவுதானே?"

மறுநாள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை வைத்ததும் அலமாரி மண்டியிட்டது. மனைவி இடிபாடுகளைப் பார்த்தபடி சொன்னார்: "நான் தப்பான பல்லைப் புடுங்கிட்டு 'தெளிவு'ன்னு சொன்னா, நாற்காலில இருக்கறவன் சும்மா விடுவானா?"

வகுப்பில் விடுவார்கள். அங்கேதான் இந்த இனத்தின் ரகசியம். பலகை நிறைய எழுதிவிட்டு, "யாருக்காவது சந்தேகமா?" என்று கேட்டுக்கொண்டே துடைத்துவிடுவார். உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்ட, மொத்த வகுப்பும் ஏகமனதாகப் புரிந்துகொண்டுவிடும்!

அவர் புகழுக்குக் காரணம் இளமையில் எழுதிய ஒரு துணைத்தேற்றம். உலகத்தில் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொற்பம். அத்தனை பேரும் அதன்மேல் மாடி கட்டிக் குடியிருந்தார்கள். அதன் நிரூபணம் இவ்வளவுதான்: "ஒரு நிலைப்புள்ளியை எடுத்துக்கொள்க. மற்றவை தெளிவு."

அவருடைய ஆராய்ச்சி மாணவியும் அதன்மேல்தான் வீடு கட்டியிருந்தாள். வாய்மொழித் தேர்வு நாளும் வந்தது. தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. இந்தப் பருவம் முடிவதற்குள் பட்டம் கைக்கு வந்தால்தான் அந்த நாற்காலி அவளுடையது. அன்று காலை அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், மூணாம் அத்தியாயத்துல ஒரு சிக்கல். உங்க துணைத்தேற்றம்."

"அது இத்தனை வருஷமா நிக்குதும்மா."

"நிக்குது சார். எது மேல நிக்குதுன்னு பார்த்தேன். நிலைப்புள்ளியே இல்லாட்டி?"

"எப்படிம்மா இல்லாம போகும்? எடுத்துக்கோன்னா எடுத்துக்க வேண்டியதுதானே?"

"எங்கேர்ந்து சார்?"

பலகையில் ஒரு வரி எழுதினாள்: ஓர் எண்ணின் வர்க்கம், இன்னோர் எண்ணின் வர்க்கம், கூட ஒன்று, மூன்றும் சேர்ந்து பூஜ்யம். தெள்ளத்தெளிவாரின் புறங்கை எழுந்தது. பாதியில் நின்றது. கண்ணாடிமேல் நிற்பவை நாம் கடையில் எண்ணும் சாதாரண எண்கள், அவற்றின் வர்க்கம் எதிர்மறையாகாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம் எப்படி வரும்? வளைவு இருக்கிறது, கற்பனை எண்களின் நாட்டில் ஆடம்பரமாகவே இருக்கிறது. ஆனால் அதன் புள்ளிகள் புதுமணத் தம்பதிகள்போல் ஜோடியாகத்தான் நடமாடுகின்றன. தனிக்கட்டை ஒன்றுகூடக் கிடையாது.

"அங்க எப்படி எண்ணினாலும் இரட்டைப்படைதான் சார் வரும். நம்ம தேற்றம் ஒத்தையா ஒண்ணு கேக்குது." சாக்பீஸைக் கீழே வைத்தாள். "நிலைப்புள்ளி இருந்தா தேற்றம் சரி. இல்லாட்டி வேற விடை. அதையும் கண்டுபிடிச்சிட்டேன். இன்னிக்கே சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்" என்றார். "யாரும் கேக்கமாட்டாங்க. தெளிவா இருக்கறத யாரு கேப்பா?"

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. வெளித் தேர்வாளர் பெரிய மனிதர், பெரிய தொப்பை, முன்வரிசையில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் அத்தியாயம் திரையில் வந்ததும், "இது பிரசித்தமானது, மேல போங்க" என்றார். பக்கத்தில் துறைத் தலைவர் தூங்கிக்கொண்டே ஆமோதித்தார். தெள்ளத்தெளிவார் மூச்சு விட்டார்.

அவள் மேலே போகவில்லை. "மன்னிக்கணும் ஐயா, இது தப்பு" என்றாள்.

அந்த வளைவு திரைக்கு வந்தது. தேர்வாளர் கடித்த பிஸ்கட்டை மெல்ல மறந்தார். அவர் முகம் வெளுத்ததற்குக் காரணம் அறிவு அல்ல. அவரும் அதே துணைத்தேற்றத்தின்மேல் நாலு கட்டுரை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்.

"பாருங்கம்மா," என்று தொண்டையைச் செருமினார், "மாணவி ஒண்ணு சொல்றீங்க, வழிகாட்டி வேறொண்ணு எழுதியிருக்கார். ரெண்டு பேரும் பேசித் தீர்த்துட்டு வாங்க, அடுத்த பருவம் வெச்சுக்கலாம். இல்ல, இது தெளிவுதான்னு அவரே சொல்லட்டும், இந்தப் பக்கத்தை எடுத்துட்டு இப்பவே முடிச்சிடுவோம். என்ன சார், தெளிவுதானே?"

எல்லாத் தலைகளும் தெள்ளத்தெளிவார் பக்கம் திரும்பின. ஒரே ஒரு வார்த்தை. வாழ்நாளெல்லாம் கூலி வாங்காமல் உழைத்த வார்த்தை. சொன்னால் தேற்றம் பிழைக்கும், புகழ் பிழைக்கும், முன்வரிசையில் நாலு கட்டுரைகளும் பிழைக்கும். அவளுக்குப் பட்டமும் கிடைக்கும், பொய்யான ஒன்றுக்கு. சும்மா இருந்தாலோ, அடுத்த பருவம். அவள் நாற்காலியில் வேறு யாரோ. அவள் அவரைப் பார்க்கவேயில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே நிலைப்புள்ளி ஏதாவது முளைத்துவிடுமா என்பதுபோல.

"இல்ல சார்," என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "தெளிவு இல்ல. அப்பவும் தெரியாது. எழுதறப்போ அந்த இடத்துல மாட்டிக்கிட்டேன், தெளிவுன்னு போட்டுத் தாண்டிட்டேன். அவ சொல்றதுதான் சரி. நாங்க பேசித் தீர்த்தாச்சு."

துறைத் தலைவர் விழித்துக்கொண்டார். அப்புறம் நடந்ததைத் துறையில் இன்றும் ரகசியமாகத்தான் பேசுகிறார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "எனக்கும் அந்த ரெண்டாவது வரி விளங்கினதே இல்ல" என்றார். "அடப்பாவி, உனக்குமா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "உன்னைப் பார்த்துத்தானய்யா நான் தலையாட்டினேன்!" இப்படியே வரிசை வரிசையாக ஒப்புதல் வாக்குமூலம். கடைசியில் தேர்வாளரும் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தார். அவளுடைய புதிய கணக்கைப் பலகையில் முழுதாகப் போடச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும், "ஏன்?" என்று கேட்டார். அவள் ஒவ்வொரு வரிக்கும் சொன்னாள். மாலையில் கையெழுத்தாகி, பட்டமும் நாற்காலியும் அவளுடையவை ஆயின.

தெள்ளத்தெளிவார் திருந்திவிட்டாரா? அன்று வீட்டில் மனைவி கேட்டார்: "இவ்வளவு சின்ன விஷயம், எப்படிங்க இத்தனை வருஷமா கண்ணுல படல?"

அவர் சன்னலைப் பார்த்தார். "பெரிய மனுஷங்களுக்குச் சின்னது படாதும்மா. இதுல என்ன இருக்கு?"

சரி, உங்களுக்கு வருவோம். படிக்கத் தொடங்கியதுமே உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்திருக்கும்: மேலாளர், மச்சான், மாடிவீட்டுக்காரர். "அட, அந்த ஆளேதான்!" என்று சிரித்திருப்பீர்கள். அது அந்த ஆளேதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வேறு யாரையாவது, உதாரணமாக மிக அருகில் இருக்கும் ஒருவரை, ஒருகணமாவது சோதித்துப் பார்த்தீர்களா? இல்லையல்லவா? ஏன்?

வேண்டாம், பதில் சொல்லாதீர்கள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.