போகிக்குத் தூக்கிப் போட்ட டேட்டாபேஸ்

போகியன்று வீட்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

அடுக்குமாடி வீட்டில் பழையதை எரிக்க முடியாது. தனியாள் வீட்டில் தூக்கி எறியவும் பெரிதாக ஒன்றுமில்லை. அதனால் கணினியைச் சுத்தம் செய்தேன்.

என் மனைவி செல்வியின் சமையல் வலைப்பதிவு அதில்தான் ஓடுகிறது. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டு அமைத்த ஏற்பாடு. கன்டெய்னர் என்பார்கள், கணினிக்குள் தனித்தனிப் பெட்டிகள் மாதிரி. ஒரு பெட்டியில் பதிவை நடத்தும் மென்பொருள். இன்னொன்றில் டேட்டாபேஸ், அதாவது அவள் எழுதியது அத்தனையும். இரண்டையும் இணைத்தால்தான் ரசம் திரையில் வரும்.

பெருக்குவதற்கு முன் நாற்காலியை நகர்த்துவதுபோல, முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். பார்த்தால் டேட்டாபேஸ் பெட்டி இரண்டு இருந்தது. ஒன்று ஆறு வருடப் பழசு. இன்னொன்று போன மாதம் நான் போட்ட புது வெர்ஷன்.

போகியன்று எதைக் கழிப்பார்கள்? பழையதைக் கழித்தேன். புதியதை இணைத்தேன். மனது நிறைந்து தேநீர் போட்டுக்கொண்டேன்.

வந்து பதிவைத் திறந்தால், "வருக, உங்கள் தளத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்" என்றது.

பழைய பெட்டியில் இருந்ததைப் புதியதற்கு மாற்றிவிட்டேன் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேக்கப் எங்கே என்று கேட்க வீட்டில் யாருமில்லை, நல்லவேளை.

செல்வியின் தங்கை வசந்தா இதே ஊரில், புக்கிட் மேரா பகுதியில் இருக்கிறாள். அக்காவின் பதிவு ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருப்பவள். போன் போட்டேன்.

"வசந்தா, அக்கா எழுதினதெல்லாம் உன்கிட்ட இருக்குல்ல?"

"இருந்துச்சு அத்தான்."

"இருந்துச்சுன்னா?"

"இன்னிக்கு போகியாச்சே. இப்பதான் கட்டி கராங் குனிக்காரர்கிட்ட குடுத்தேன். நெட்டுல பத்திரமா இருக்கு, பேப்பர் எதுக்குன்னு நீங்கதானே போன பொங்கலுக்குச் சொன்னீங்க?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அந்தப் பழைய பேப்பர்காரர் போயிட்டாரா?"

"லிஃப்டுக்கு நிக்கிறாரு."

"விடாதே. நான் வர்ற வரைக்கும் பிடிச்சு வை."

"எப்படி அத்தான் பிடிக்கிறது? எனக்கு முட்டி வலி."

"எதையாவது குடுத்துக்கிட்டே இரு" என்றேன். அது நான் அன்று செய்த இரண்டாவது தப்பு.

நான் இருக்கும் லிட்டில் இந்தியாவில் பொங்கல் கூட்டம். கரும்புக் கட்டுகளுக்கு நடுவில் டாக்சி பிடிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. வழியில் வசந்தா போன் செய்துகொண்டே இருந்தாள்.

"ரைஸ் குக்கர் குடுத்துட்டேன்."

பிறகு, "ஃபேனும் போச்சு. எங்க இருக்கீங்க?"

பிறகு, "தையல் மெஷின் எடுக்கிறாரு அத்தான். சீக்கிரம் வாங்க லா."

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டு வாசலில் தள்ளுவண்டி நின்றது. உச்சியில் டிவி. பக்கத்தில் அந்தச் சீனப் பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வசந்தா கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நல்ல வீட்டை அவர் பார்த்ததில்லை போலிருந்தது.

எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். பேப்பர் கட்டு அடியில் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி, அதை எடுத்து என் கையில் கொடுத்தார். என் மனைவி எழுதியது என்றதும் காசு வேண்டாம் என்றுவிட்டார். மற்றதெல்லாம் முறையாக வாங்கியது என்று சொல்லி, திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

நான் அங்கேயே உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினேன். ரசம் இருந்தது. மீன் குழம்பு இருந்தது. 'என் வீட்டுக்காரருக்கு உப்பு தெரியாது, நீங்கள் பார்த்துப் போடுங்கள்' என்ற வரியும் இருந்தது.

"எல்லாம் இருக்கா அத்தான்?"

"இருக்கு."

"அப்ப நான் சீரியல் எதுல பாக்குறது?"

இப்போது தினமும் சாயங்காலம் ஒரு பதிவாகத் தட்டச்சு செய்து ஏற்றுகிறேன். அந்த நேரத்துக்கு எனக்கு வேறு வேலையும் கிடையாது. என் டிவி புக்கிட் மேராவில் இருக்கிறது.