ரசிக்க ஆறு நிமிஷம்

வழி தவறிடுவாரா? யாரு, எங்க வீட்டுக்காரரா? நல்லா சொன்னீங்க மாப்பிள்ளை! எழுபது வயசுல, போன்ல மேப்புகூடப் பாக்கத் தெரியாம, மூணு நாள் முன்னாடி காரை எடுத்துட்டுப் போன மனுஷன் எங்க மாட்டிக்கிட்டாரோன்னு காலையிலேர்ந்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடக்குறீங்க. உக்காருங்க. என் பேத்தியைக் கட்டி ஆறு மாசம்தானே ஆச்சு, உங்களுக்குத் தெரியாது. அவர் ஜென்மத்துல வழி தவறினதில்ல. போன வருஷம் போக நினைக்காத ஊருக்குப் போய் நின்னாரே, அதுகூட வழி தவறி இல்ல. நான் திருப்பி விட்டேன்.

முழிக்காதீங்க. சொல்றேன்.

அவர் பஸ் டிப்போவுல டைம் போடுற வேலை பாத்தவரு. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பணும், எங்க நிக்கணும், டிரைவர் எத்தனை நிமிஷம் டீ குடிக்கணும், எல்லாம் இவர் போடுற ஷீட்டுதான். சாதாரண மூளை இல்ல அது. ஒரு தடவை பாலம் உடைஞ்சு முப்பது பஸ் நடுரோட்டுல நின்னுடுச்சு. பெரிய அதிகாரிங்க எல்லாம் தலையில கை வெச்சு உக்காந்துட்டாங்க. இவர் ஒரு டயர் மேல உக்காந்து, சாப்பாடு கட்டியிருந்த பேப்பர் பின்னாடியே புது டைம் எழுதினாரு. இருட்டுறதுக்குள்ள அத்தனை ஜனமும் வீடு போய்ச் சேந்துச்சு. அந்தப் பேப்பரை நான் இன்னும் பீரோவுல வெச்சிருக்கேன். எண்ணெய்க் கறை அப்படியே இருக்கு.

ஆனா ஒண்ணு. ஷீட்டைக் கேள்வி கேக்குற டிரைவரை அவருக்கு ஆகவே ஆகாது. "சார், இந்த ரோடு சரியாப் படலையே"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "உன் கண்ணு பொய் சொல்லும், என் ஷீட்டு சொல்லாது"ன்னு அனுப்பிட்டாரு. பாவம், அந்த ஆளு போய் ஒரு குட்டையில இறங்கிட்டாரு. ஆனா சரியான டைமுக்கு இறங்கினாரு.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், ரிட்டையர் ஆன அன்னிக்கு சாப்பாட்டு மேஜையைத் தட்டி ஒரு சபதம் போட்டாரு. "நீயும் நானும் இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடல் வரைக்கும் கார்லயே போறோம். வழியெல்லாம் அழகு மட்டும்தான். ஒரு கிலோமீட்டர்கூட வேஸ்ட் கிடையாது!"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு மாப்பிள்ளை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன் ஊரையே அனுப்பி வெச்சாரு, என்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. நாளைக்கே கிளம்புவோம்னு நெனச்சேன். ஒன்பது வருஷம் பிளான் போட்டாரு! சட்டை டப்பாவுக்குள்ள வருமே அட்டை, அதைத் துண்டு துண்டா வெட்டி, ஒரு திருப்பத்துக்கு ஒரு அட்டை. இருநூத்திப் பதினாலு அட்டை. அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால அவர் சொல்லச் சொல்ல நான் எழுதணும். "வலது பக்கம் திரும்பவும். இடது பக்கம் அருவி. ரசிக்க ஆறு நிமிஷம்."

"ஏங்க, அருவிக்கு ஆறு நிமிஷம் போதுமா?"

"சின்ன அருவி. ஏழாவது நிமிஷம் போர் அடிக்கும்."

அப்பதான் கேட்டேன். "ஏங்க, அக்கா ஊரு அந்த வழியிலதானே இருக்கு? எட்டிப் பாத்துட்டுப் போலாமே."

"அங்க என்ன இருக்கு?"

"அக்கா இருக்கா."

"பாக்குறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டேன்."

"பாக்குறதுக்குத்தான் சொல்றேன். அக்கா இருக்கா."

"மலை இருக்கா? அருவி இருக்கா? ஏரியாவது இருக்கா?"

"பெரிய தண்ணித் தொட்டி ஒண்ணு இருக்கு."

"அடுத்த அட்டை எழுது."

கெட்ட எண்ணம் கிடையாது மாப்பிள்ளை. ஷீட்ல இல்லாதது அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனா எங்கக்கா தனியாள். அத்தான் போய் ஏழு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. என்கூட வந்து இருன்னா, "உன் வீட்டுக்காரர் வாயாலயே வாங்கன்னு கூப்பிடட்டும், வர்றேன். தங்கச்சி கூப்பிட்டான்னு மூட்டையைத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்"னு பிடிவாதம். நாப்பது வருஷம் ஸ்கூல் டீச்சரா இருந்தவ. இவர்கிட்ட "கூப்பிடுங்க"ன்னு சொன்னா, "வரட்டும், யார் வேண்டாம்னா?"ம்பாரு. வரட்டும்கிறது கூப்பிடுறதா? நீங்களே சொல்லுங்க.

நானும் யோசிச்சேன். அட்டை எழுதுறது யாரு? நான். வண்டியில உக்காந்து படிச்சுக் காட்டப் போறது யாரு? நான். எண்பத்தேழாவது அட்டைக்கு அப்புறம் அஞ்சு அட்டை சேத்து எழுதினேன். அவ்வளவுதான் நான் செஞ்ச பாவம்.

ஒருவழியா போன வருஷம் கிளம்பினோம். எண்பத்தேழு வரைக்கும் மலையும் ஆறும். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொண்ணும் கண்ணுக்கு விருந்து! எப்படித்தான் தேடிப் பிடிச்சாரோ. அதுக்கப்புறம் என் அட்டை வந்துச்சு. "வலது பக்கம் திரும்பவும். பரந்த வெட்டவெளி. ரசிக்க பதினஞ்சு நிமிஷம்."

திரும்பினாரு. ரெண்டு பக்கமும் பொட்டல். ஒரு டயர் கடை, மூணு குடோன், ஒரு உடைஞ்ச லாரி.  அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. திரும்ப மாட்டினாரு. பாத்தாரு.

"ஆஹா!"ன்னாரு.

"என்னங்க?"

"பாத்தியா, எப்படிப் பரந்து கிடக்கு! கண்ணை மறைக்க ஒரு மரம் இருக்கா? இதைக் கண்டுபிடிக்க நான் என்ன பாடு பட்டிருப்பேன்!"

"நெறைய பட்டிருப்பீங்க."

பதினஞ்சு நிமிஷமும் ரசிச்சாரு மாப்பிள்ளை. ஒரு நிமிஷம் குறைக்கல. லாரிகிட்ட நிறுத்தி போட்டோகூட எடுத்தாரு.

நான் சேத்ததுல அஞ்சாவது அட்டை. "பச்சை கேட். நிறுத்தவும். தங்கல்." நிறுத்தினாரு. வாட்சைப் பாத்து, "கரெக்ட் டைம்"னாரு. கேட்டைத் திறந்துட்டு எங்கக்கா வந்து நிக்கிறா.

"அக்கா! நீங்க எங்க இங்க?"

"இது என் வீடு தம்பி. நீங்க எங்க இங்க?"

என் கையிலேர்ந்து அட்டையை வாங்கினாரு. முன்னாடி பாத்தாரு, பின்னாடி பாத்தாரு.  அட்டை தப்புன்னு சொன்னா ஒன்பது வருஷ பிளானும் தப்புன்னு ஆயிடும். நிமிர்ந்து நின்னாரு பாருங்க, ராஜா மாதிரி! "உங்களைப் பாக்கத்தான் அக்கா வந்தோம். பிளான்லயே இருக்கு."

உள்ள போனா சாப்பாட்டு மேஜையில ஆறு நாற்காலி. அஞ்சு மேல பழைய பேப்பர் அடுக்கியிருக்கு. ஒண்ணு மட்டும்தான் உக்காரக் காலியா இருந்துச்சு.  அவர் நாற்காலி மேல இருந்த பேப்பரை ஒண்ணொண்ணா இறக்கி வெச்சாரு. சொன்னேன்ல, நல்ல மனுஷன். ஆனா ரெண்டு நாள் இருந்தும் "வாங்க"ங்கிற வார்த்தை மட்டும் வாயில வரல. ஷீட்ல இல்லையே!

அந்தக் கடலையும் பாத்துட்டு வீடு வந்து சேந்தோம். ஒரு நாள் டீ கொடுக்கும்போது மெதுவா சொன்னேன். "இந்த ரூட்டை இப்படிப் போறது சுலபமாம். அங்கேர்ந்து தலைகீழா இங்க, டைம் தப்பாம, யாராலயும் வர முடியாதாம்."

"எவன் சொன்னான்?"

"யாரோ."

"யாரோன்னா?"

"டீ ஆறுது, குடிங்க."

ஆறிப்போன டீயை அப்படியே வெச்சுட்டு அட்டை வெட்டப் போயிட்டாரு. ஏழு மாசம்! எல்லாம் தயாராச்சு. "பாதி ரூட்டு, ட்ரையல். உங்கக்கா ஊர்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். நீதான் படிக்கணும்"னாரு.

"என் முட்டிக்கு இனிமே அவ்வளவு தூரம் ஆகாதுங்க. மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க."

"அவரா? அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு போனைப் பாப்பாரு."

கோச்சுக்காதீங்க மாப்பிள்ளை, அவர் சொன்னதைச் சொல்றேன்.

"அப்ப வேற யாரு இருக்கா? கணீர்னு படிக்கணும், ஒரு எழுத்து விடாமப் படிக்கணும். டீச்சர் மாதிரி யாராவது இருந்தாத்தான் உண்டு"ன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லல. எந்திரிச்சு துணி மடிக்கப் போயிட்டேன். அவரே போனை எடுத்தாரு.

"அக்கா, நம்ம வீட்டுக்கு வாங்க."

"எதுக்கு தம்பி உங்களுக்குச் சிரமம்?"

"அய்யோ, சிரமமா! நீங்க வந்தாத்தான் ஆகும். உங்களை விட்டா எனக்கு ஆளில்ல. வாங்கக்கா!"

"தங்கச்சி சொல்லிக் கூப்பிடுறீங்களா?"

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது அக்கா, நானா கூப்பிடுறேன். வாங்க!"

மூணு தடவை கூப்பிட வெச்சா கிழவி. நான் அந்தப் பக்கம் துண்டுல வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன்.

அவளைக் கூட்டிட்டு வரத்தான் மூணு நாள் முன்னாடி கிளம்பினாரு. அக்கா போன்ல சொன்னா, தனியா அங்க போகும்போது படிக்க ஆளில்லாம, ஒவ்வொரு திருப்பத்துலயும் வண்டியை ஓரங்கட்டி, அட்டையைப் படிச்சுப் படிச்சுப் போயிருக்காரு. எந்த ஊர்ல இருப்பாரு இப்படி ஒரு மனுஷன்?

ஹாரன் சத்தம் கேக்குதா? நம்ம வண்டிதான். வாங்க, ஜன்னல்கிட்ட வாங்க. என்னது, கார் மேல மலை மாதிரி கட்டியிருக்கா? ஆமா, நாலு பெட்டி. அது தையல் மிஷின், அதுக்கு மேல கட்டில். கயிறு எவ்வளவு ஒழுங்கா கட்டியிருக்காரு பாத்தீங்களா, ஏத்துறதுக்கும் ஒரு ஷீட்டு போட்டிருப்பாரு. எங்கக்கா எப்படி இறங்குறா பாருங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் தோத்தா!

என்னங்க? சத்தமா சொல்லுங்க, இங்க கேக்கல. அட்டை படிக்க வந்தவங்களுக்குக் கட்டில் எதுக்குன்னா கேக்குறீங்க? அதை அப்புறமா உக்காந்து யோசிக்கலாம். மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடிப்பாரு, நீங்க ஒரு பக்கம் பிடிச்சு முதல்ல கட்டிலை உள்ள கொண்டு வாங்க!