காலி நாற்காலிக்கு எதிரே

"இன்னும் சத்தமா. நாற்காலிதானே, கடிக்காது" என்றார் மனநல ஆலோசகர் அம்மா.

கணக்கர் நாற்காலியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எதிரே இருந்த காலி நாற்காலியில் மேலாளர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மனதில் கிடப்பதைக் கொட்ட வேண்டும். அதுதான் வைத்தியம். முழுங்கிய பேச்சு சும்மா இருக்காது, ஆளையே தின்றுவிடும் என்பது அம்மாவின் கட்சி.

அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்று பேச்சு. வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். கணக்கருக்குத் தூக்கம் போய் வெகு நாளாயிற்று.

"வேலை இருக்கா இல்லையான்னு சொல்லித் தொலையேன்யா" என்று நாற்காலியைப் பார்த்துக் கத்தினார். "என்னைப் பார்த்தா வாயைத் திறக்கிறே, அப்படியே மூடிட்டுப் போறே. நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு தும்மல். அதன் வால் போல ஒரு முனகல். அலுவலகம் முழுக்க அறிந்த தும்மல்.

கணக்கர் எழுந்து அம்மாவிடம் போனார். வெளியே இருப்பது மேலாளரேதான் என்று அவர் காதோரம் சொன்னார். நல்லதாகப் போயிற்று, நேரிலேயே பேசிவிடலாம் என்றார் அம்மா.

யாரைத் திட்டினோம் என்று இன்னும் சொல்லவில்லையே என்பது கணக்கருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தடுப்பைப் பார்த்து உரக்கச் சொன்னார். "நான் திட்டினது என் மச்சானை. எங்க மேலாளர் தங்கமான மனுஷர்."

வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதுவரை குரல் யாருடையது என்று தெரியாமல் இருந்திருந்தாலும் இப்போது தெரிந்திருக்கும்.

அம்மாவுக்குப் பொய் என்றால் ஆகாது. "மனசை ஏமாத்தாதீங்க. அவர் கழுத்தை நெரிக்கணும்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?" என்றார், தடுப்பே அதிரும்படி.

காலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். வெளியறை காலி. வரவேற்பு மேசைப் பெண் மட்டும் நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சாம்மா?"

"ஒரு வார்த்தை விடல சார்."

"கோவமா போனாரா?"

"சேச்சே. சிரிச்சுக்கிட்டே போனார்."

கணக்கருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினார்.

"பாவம் சார் அவர்" என்றாள் அந்தப் பெண். "யாரோ ஒருத்தர்கிட்ட உனக்கு வேலை போச்சுன்னு சொல்ல மனசு வரலைன்னுதான் இத்தனை நாளா இங்க வந்துட்டிருந்தார், இனிமே வரலையாம், மனசு வந்துடுச்சாம்."