முதல் ஓட்டையில் குங்குமம்

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனத்தைச் சரிசெய்யக்கூட என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கிய தோளோடு, வாலாஜாபாத் சாலையில் சொந்தமாக லாரி எடைமேடை போட்டவன். (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.)

அந்த வருட ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரையும் நான் விடவில்லை. ஒயர்களைப் பிடுங்கி, துடைத்து, கம்ப்யூட்டரின் பின்பக்கம் மேடையின் ஒயர் சொருகும் ஓட்டையில் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் அப்பினேன். பூஜை முடிந்த மறுநாள் ஒயர் அதில் நுழையவில்லை. பக்கத்து ஓட்டை சும்மாதானே இருக்கிறது என்று அதில் சொருகிவிட்டேன்.

அன்றைக்குத்தான் என் மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டார் என் தொழிலைப் பார்க்க வந்தார்கள். பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியர். அப்பா அரிசி ஆலைக்காரர். தன் நெல் லாரியையே கொண்டுவந்து மேடையில் ஏற்றினார்.

"நம்ம மேடை ஒரு கிலோ தப்பா காட்டாது" என்றேன். திரையில் பூஜ்ஜியம்.

"இன்னாபா, என் லாரி காத்துல மிதந்துகினு இருக்குதா?" என்றார் அவர்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே கல்யாணம் நின்றுபோயிருந்தது.

பையன் உட்கார்ந்து அரை மணி நேரம் தட்டினான். "மேடைக்குக் கம்ப்யூட்டர் ஒரு நம்பர் குடுக்கும்ங்க. எடை போடுற சாஃப்ட்வேர் மூணாம் நம்பரைத் தேடுது. மேடை இப்ப நாலுல இருக்குது. மூணுக்கு மாத்தலாம்னா, அங்க ஏற்கெனவே ஆள் இருக்குதுன்னு சொல்லுது. ஆனா யாருமே இல்ல!"

எனக்குப் பொறி தட்டியது.

"ஆள் இல்ல தம்பி, துண்டு இருக்குது! பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிறோமில்ல? மேடை பழைய ஓட்டையில இருந்தப்போ மூணாவது சீட்டுல துண்டு போட்டு வச்சிருக்குது. இப்ப வேற வாசல்ல ஏறினதால, கம்ப்யூட்டர் கண்டக்டரு புது ஆளுன்னு நாலாவது சீட்டு குடுத்துட்டான். பழைய வாசல்லயே ஏத்து!"

"பழைய ஓட்டை எதுங்க?"

குங்குமக் குழியை விரலால் காட்டினேன். ஆலைக்காரர் சிரித்த சிரிப்பில் லாரியே ஆடியது.

கம்ப்யூட்டரை அணைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நானே சுரண்டினேன். ஒயரைச் சொருகியதும் மூன்றாம் நம்பர் வந்தது. பின்னாலேயே எடையும் வந்தது. ஆலைக்காரர் தன் ஆலையில் போட்ட எடைச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கிலோ பிசகவில்லை.

"எம் புள்ள படிச்ச நாலு வருசத்துக்கு உங்க துண்டே மேலு, சம்பந்தி" என்றார். அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இன்றும் ஆயுத பூஜையன்று விடிந்ததும் மருமகனிடமிருந்து போன் வந்துவிடும்.

"மாமா, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சிட்டீங்களா?"

"வச்சிட்டேன் மாப்ளே. நெத்தியில மட்டும்."