தோன் பெலகியோவின் ஈ அண்டாத குதிரை

எலுமிச்சைப்புல் கொதித்து ஆறியிருந்தது. ஒதிலியா அதை வடிகட்டி, வினிகரும் சோப்புச் சீவலும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டுக் கலக்கினாள். குதிரைக்குத் தடவும் பழந்துணியை அதில் நனைக்கப் போகும்போது, அவள் புருஷன் எவாரிஸ்தோ மூடியை எடுத்துப் பானையின் மேல் வைத்துவிட்டான்.

"இன்னைக்கு வேணாம்டி. இந்தக் கஷாயம் பட்டா மந்திரம் முறிஞ்சிடும்னு தோன் பெலகியோ சொல்லியிருக்காரு."

"ஈ கடிச்சா?"

"கடிக்காம இருக்கத்தானே மந்திரம்!"

காப்பியைக் குடித்தான். இனிப்பு பத்தவில்லை என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு கனேலா என்ற தன் பழுப்புக் குதிரையில் ஏறி மாடு பார்க்கப் போனான்.

மதியத்துக்குள் அவனை ஒரு வலைத்தொட்டிலில் கிடத்தி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வெள்ளம் வடியாத புல்வெளியில் குதிரை ஈக்கள் மொய்த்ததும் கனேலா முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு துள்ளியிருக்கிறது. விழுந்தவனின் தலை வேலிக்கம்பத்தில் மோதி, அங்கேயே உயிர் போயிருக்கிறது. மந்திரத்தில் மட்டும் ஒரு கீறல் விழவில்லை.

அந்த மழைக்காலத்தில் யானோ சமவெளி முழுக்க மந்திரக்காரர் தோன் பெலகியோவின் பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதா கோயிலில் பாதிரியார் காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்வார். கூட்டமெல்லாம் பெலகியோவின் முற்றத்தில் இருக்கும். வித்தை எளிமையானது. குதிரையின் குளம்படி பதிந்த மண்ணைக் கத்தியால் வட்டமாக அறுத்தெடுப்பார். அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். மேலே சிலுவை கீறி, உதட்டை அசைப்பார். குதிரையைத் தொடவே மாட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேயும் குதிரையானாலும் சரி, அதன் குளம்படி கிடைத்தால் போதும். இனி அதை ஈ அண்டாது.

சாட்சி வேண்டுமா? அவருடைய கருங்குதிரை முற்றத்து வெயிலில் நிற்கும். பெயர் தேவதூதன். வால் அசையாது, காது துடிக்காது, மேலே ஒரு ஈ இருக்காது. சுற்றிலும் பக்தர்களின் குதிரைகள் கால் உதைத்துத் தோல் சிலிர்த்துத் தவித்துக்கொண்டிருக்கும். பக்தர்கள் தங்கள் கழுத்திலேயே பளார் பளாரென்று அறைந்துகொண்டு அதிசயத்தைப் பார்ப்பார்கள்.

தோன் பெலகியோ காசு வாங்க மாட்டார். துறவி அல்லவா! கன்றுக்குட்டி வாங்குவார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வினிகர், எலுமிச்சைப்புல் என்று யாரும் எதையும் காய்ச்சித் தடவக் கூடாது. மீறினால் மந்திரம் முறியும். தடவாமலே ஈ கடித்தால்? வீட்டில் யாரோ நம்பவில்லை என்று பொருள். எந்த வீட்டில்தான் அப்படி ஒரு ஆள் இருக்க மாட்டார்? ஆக, மந்திரம் ஒருநாளும் தோற்றதில்லை.

எவாரிஸ்தோவின் ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குத் தோன் பெலகியோவும் வந்தார். இரண்டு தட்டு இறைச்சி சாப்பிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் நம்பினான், பாவம். ஆனா அடுப்புல வினிகர் மணக்கிற வீட்ல மந்திரம் எப்படிம்மா நிக்கும்?"

அத்தனை தலைகளும் ஒதிலியாவின் பக்கம் திரும்பின. துக்கம் கேட்க வந்தவர்கள் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களாகிவிட்டார்கள். புருஷனைக் கொன்றது அவள் பானையாம்!

"கனேலாவுக்குள்ள சாத்தான் புகுந்துட்டான். ஞாயித்துக்கிழமை என் கொட்டிலுக்கு ஓட்டிட்டு வந்துடு. புனிதர் பாத்துக்குவாரு" என்றார் பெலகியோ.

சாத்தானுக்கும் குதிரையின் தரம் தெரியும் போலிருக்கிறது. நொண்டிக் கழுதைக்குள் அவன் புகுந்ததாக இதுவரை செய்தி இல்லை.

ஒதிலியா காற்றாட வெளியே வந்தாள். வாசலில் தேவதூதன் கட்டியிருந்தது. அதன் கழுத்தில் கையை வைத்து நின்றாள். உள்ளங்கை பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். மேலாகச் சாம்பிராணி வாசனை. அதற்கடியில், வருஷக்கணக்கில் அவள் துணியில் வடிகட்டிய வாசனை.

ஞாயிற்றுக்கிழமை கனேலாவை ஓட்டிக்கொண்டு போனாள். கூடவே ஒரு வாளியும் ஒரு கட்டி சோப்பும்.

"குதிரையைக் குடுத்துட்டுப் போறேன் ஐயா. ஒரே ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேளும்மா."

"மந்திரம் குளம்படியிலதானே இருக்கு? தோல்ல இல்லையே?"

"தோல்ல என்ன இருக்கு? எல்லாம் மண்ணுலதான்!"

"மந்திரம் போடும்போது குதிரையை நீங்க தொடுறதே இல்ல."

"தொட்டதே இல்லை!" என்று கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டு சாட்சி சொன்னது.

"அப்ப தேவதூதனைக் குளிப்பாட்டினா ஒண்ணும் ஆகாது."

தோன் பெலகியோ வாளிக்கும் குதிரைக்கும் நடுவில் வந்து நின்றார். "அதுக்குச் சளி பிடிச்சிருக்கு."

"இந்த வெயில்லயா?" என்றது ஒரு குரல். யாரோ சிரித்துவிட்டார்கள்.

"நம்பாதவ கை பட்டா..."

"என் கை வேணாம்" என்று ஒதிலியா பெரிய பண்ணையின் மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "நிக்காசியோ அண்ணே, நீங்க நம்புறவருதானே? கன்னுக்குட்டியே குடுத்திருக்கீங்க. நீங்க தேய்ங்க."

கன்றுக்குட்டி கொடுத்தவன் நம்பவில்லை என்று எப்படிச் சொல்வான்? நிக்காசியோ சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தேய்த்தான். பச்சையாக நுரை வழிந்தது. முற்றமெல்லாம் வாசனை.

"அடேய், இது எங்க வீட்டுக் கஷாயம்டா!" என்று ஒருவன் கத்தினான்.

"பரலோகத்துலயும் எலுமிச்சைப்புல் போட்டிருக்காங்க போல" என்றான் நிக்காசியோ. சாக்கால் குதிரையைத் துடைத்தான். "ஐயா, இப்ப குளம்படியை அறுங்க. நாங்க பாக்கணும்."

அறுத்தார். கவிழ்த்தார். சிலுவை கோணலாக விழுந்தது. உதடு மட்டும் முன்பைவிட வேகமாக அசைந்தது.

முதல் ஈ தேவதூதனின் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. இத்தனை நாள் பட்டினி போட்டதை விசாரிக்க வந்ததுபோல் கொஞ்சம் நடந்து பார்த்தது. கடித்தது. பிறகு அதன் சொந்தபந்தமெல்லாம் வந்தது. தேவதூதன் பின்னங்காலை உதறிய உதறலில், கவிழ்த்து வைத்த புனித மண் தோன் பெலகியோவின் மூஞ்சியில் போய் அப்பியது.

கொட்டிலுக்குள் நுழைந்து பார்த்தார்கள். வைக்கோலுக்கு அடியில் ஒரு அண்டா நிறையக் கஷாயம்.

"எங்களைக் காய்ச்சாதேன்னுட்டு நீ காய்ச்சியிருக்க! என் கன்னுக்குட்டி எங்கடா?" நிக்காசியோ கேட்டு முடிப்பதற்குள் புனிதர் குதிரைமேல் ஏறிவிட்டார். ஈ கடித்த தேவதூதன் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டபடியே புல்வெளியில் மறைந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கும்பிட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒருத்தி ஓடிவந்து ஒதிலியாவின் பாவாடை நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தாயே, எங்க குதிரைக்கும் நீங்களே ஒரு மந்திரம் சொல்லுங்க!"

ஒதிலியா பாவாடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"புல்லைக் கொதிக்கவை. வினிகர் ஊத்து. தடவு. வேர்த்தா போயிடும், மறுபடி தடவு. மந்திரம் கிந்திரம்னு எங்கிட்ட வந்தா வாளியாலயே அடிப்பேன்." கூட்டத்தைப் பார்த்தாள். "என் புருஷன் போனாதான் ஒரு குதிரையைக் குளிப்பாட்டிப் பாக்கணும்னு தோணுமா உங்களுக்கு? மண்ணைத்தான் இத்தனை நாளாப் புரட்டினீங்க. மூளையை ஒரு தடவை புரட்டிப் பாத்தா என்ன, கெட்டா போயிடும்?"

அவள் கனேலாவை அவிழ்த்தாள். எவாரிஸ்தோ இடதுகைக்காரன், ஊர் முழுக்க இடப்பக்கத்திலிருந்து குதிரை ஏறினால் அவன் மட்டும் வலப்பக்கத்திலிருந்து ஏறுவான். அதற்கும் அப்படியேதான் பழக்கம். ஒதிலியா வலப்பக்கமாகச் சுற்றிப் போய் ஏறினாள். கனேலா அசையாமல் நின்றது.